நோயாளியோட புண் படம் இப்ப யாரோட கம்ப்யூட்டர்ல இருக்கு? (நீள த்ரெட்)

“எல்லாம் கிளவுட்ல இருக்கு டாக்டர், பயப்படாதீங்க.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராத்தான் இந்த த்ரெட். நீளம்தான். பொறுமை இருக்கிறவங்க முழுசா வாசிங்க. இல்லாதவங்க நேரா கடைசிக்குப் போய், போன்ல சொல்லியிருக்கிற செட்டிங்கை மாத்திட்டு வேலையைப் பாருங்க. அதுவே எனக்குப் போதும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், ஐகிளவுட் எல்லாம் மோசமான சேவைகள்னு நான் சொல்லலை. ஒரு கோப்புக்கு அதுதான் ஒரே இருப்பிடம்னு விட்டுடறதுதான் தப்பு. நோயாளியோட படம், ரிப்போர்ட் மாதிரி நமக்குச் சொந்தமே இல்லாத ஒண்ணை நம்ம சொந்தக் கணக்குல ஏத்துறது அதைவிடப் பெரிய தப்பு. ரெண்டுக்கும் மாற்று பத்து வருஷத்துக்கு மேல இலவசமாவே கிடைக்குது. போன்ல இருந்து கம்ப்யூட்டருக்கு நேரா, நடுவுல யாரோட கிடங்கும் இல்லாம, கோப்புகளை சிங்க் பண்ற முறை.

மேகம்னு பேர் வச்சவன் கெட்டிக்காரன். வானத்துல எங்கயோ மிதக்குது, யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பெய்யும்னு ஒரு எண்ணம் வந்துடும். உண்மையில அது ஒரு கம்பெனியோட கட்டடத்துல, அந்தக் கம்பெனியோட கரண்ட்ல ஓடுற, அந்தக் கம்பெனியோட கம்ப்யூட்டர். எந்த ஊர்ல இருக்குன்னு சாதாரண கணக்கு வச்சிருக்கிற நமக்குச் சொல்லவும் மாட்டாங்க. (கீரிப்பாறைப் பக்கம் நிஜ மேகம் வந்தா முதல்ல போறது டவர். அது வேற கதை.)

கீரிப்பாறையையே எடுத்துக்குவோம். தெரியாதவங்களுக்கு: குமரி மாவட்டத்துல மலை அடிவாரம், அரசு ரப்பர் கழகத்தோட தோட்டம் இருக்கிற ஊர். விடியறதுக்கு முன்னாடியே தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு பால் வெட்டப் போற ஜனங்க. வெட்டுக்கத்தி பட்ட காயம், வழுக்கி விழுந்த எலும்பு முறிவு, பாம்புக்கடி, மழைக்காலத்துல காய்ச்சல். மேல காணி மக்களோட குடியிருப்புகள். பெரிய சிகிச்சைன்னா நாகர்கோவில், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்தான்.

இந்த மாதிரி ஊர்ல ஒரு செவிலியர் ஒரு புண்ணை போட்டோ எடுக்கறாங்கன்னு வைங்க. அவங்க போனுக்கும் மேஜை மேல இருக்கிற கம்ப்யூட்டருக்கும் நடுவுல மூணு அடி. அந்தப் படம் அந்த மூணு அடியைக் கடக்க என்ன பண்ணுது? போன்ல இருந்து டவருக்கு, அங்கிருந்து கேபிள் வழியா ஏதோ ஒரு டேட்டா சென்டருக்கு, அப்புறம் அதே பாதையில திரும்பி வந்து மேஜை மேல உக்காருது. அடுத்த வீட்டுக்குப் போக கன்னியாகுமரி கடற்கரை வரை போய் சுத்திட்டு வர்ற மாதிரி. சிக்னல் இருந்தா அரை நிமிஷம். இல்லைன்னா சுத்துற வட்டத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

“இப்பல்லாம் 5ஜி வந்துட்டுல்லா” என்பாங்க. செரி, வரட்டும். நல்ல டவர் இருந்த நாகர்கோவில்காரங்களுக்கே ரெண்டு தடவை என்ன நடந்ததுன்னு நினைவுபடுத்தறேன்.

முதல் தடவை 2017 நவம்பர் 30, ஒக்கி. கடல்ல போனவங்களைத் தேடி கடற்கரை முழுக்க அழுகை. மலைப்பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ஞ்சு கிடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து பல ஊர்ல நாள்கணக்கா கரண்ட் இல்லை. கரண்ட் இல்லைன்னா டவர் எத்தனை நேரம் தாங்கும்? டீசல் இருக்கிற வரைக்கும். அந்த நாள்கள்ல கிளவுட்ல இருந்த எந்தக் கோப்பும் குமரி மாவட்டத்துல பாதிப் பேருக்குக் கோப்பே இல்லை.

ரெண்டாவது தடவை புயல் இல்லை, அரசு உத்தரவு. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு. அடுத்த நாள், மே 23, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் அஞ்சு நாளைக்கு இணையத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கரண்ட் இருக்கு, டவர் நிக்குது, போன் சார்ஜ்ல இருக்கு, நெட் மட்டும் கிடையாது. காஷ்மீர்ல 2019 ஆகஸ்ட்ல நிறுத்தின 4ஜி 2021 பிப்ரவரியிலதான் முழுசா திரும்பி வந்தது. மணிப்பூர்ல 2023 மேயில தொடங்கினது பல மாசம் இழுத்தது. உலகத்திலேயே அதிகமா இணையத்தை நிறுத்துற நாடுகள்ல நம்ம நாடு வருஷா வருஷம் முன்வரிசை. அப்படிப்பட்ட நாட்டுல உக்காந்துக்கிட்டு “நெட் இல்லாம ஏன் இருக்கப் போகுது”ன்னு கேக்கறது எனக்குப் புரியலை.

இப்ப மாற்று என்னன்னு சொல்றேன். இதுல பல மென்பொருள் இருக்கு. பிட்டோரண்ட் சிங்க்னு 2013ல வந்து, பின்னாடி ரெசிலியோ சிங்க் ஆனது ஒண்ணு. அதோட மூலக்குறிப்பு மூடினது, அதனால நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நான் சொல்றது சிங்க்திங். சுவீடன்காரர் யாகோப் போர்க் தொடங்கி வச்சது, முதல் வெளியீடு 2013 டிசம்பர். மூலக்குறிப்பு திறந்தது, காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்கு தொடங்க மெயில் ஐடி கூட கேக்காது.

வேலை செய்யற விதம் எளிமைதான். ஒவ்வொரு கருவிக்கும் 56 எழுத்துல ஒரு அடையாளம் உருவாகும். என் போனோட அடையாளத்தை என் லேப்டாப்லயும், லேப்டாப்போடதை போன்லயும் சேக்கணும். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணா போதும். ரெண்டு பக்கமும் சம்மதிச்சாத்தான் பேச்சே தொடங்கும். கல்யாணத்துக்கு ரெண்டு வீட்டுச் சம்மதமும் வேணும்ல, அது மாதிரி. அப்புறம் எந்த ஃபோல்டரைப் பகிரணும்னு சொல்லிட்டா, கோப்பைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை போட்டு, அந்தப் பக்கம் இல்லாத துண்டை மட்டும் அனுப்பும். 500 எம்பி கோப்புல ஒரு பகுதி மாறினா அந்தப் பகுதி மட்டும்தான் போகும். போற வழி முழுக்க பூட்டித்தான் போகும்.

முக்கியமானது இது: ரெண்டு கருவியும் ஒரே வைஃபையில இருந்தா இணையமே வேண்டாம். ஒண்ணை ஒண்ணு தானே கண்டுபிடிச்சுக்கும். வைஃபை இல்லைன்னா போனோட ஹாட்ஸ்பாட் போதும், டேட்டா பேக் தீர்ந்திருந்தாலும் சரி. 2018 மே 23 அன்னைக்கும் இது கீரிப்பாறையில ஓடியிருக்கும்.

வேற வேற ஊர்ல இருந்தா? அப்ப இணையம் வேணும். யாரோட முகவரி எங்கன்னு சொல்ல ஒரு தகவல் சர்வர் இருக்கு. நேரா இணைய முடியாத நேரத்துல இடையில கை மாத்தி விட ரிலே சர்வர்கள் இருக்கு, தன்னார்வலர்கள் நடத்தறாங்க. அவங்க கையில போறது பூட்டின பொதி. வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பாங்க, சேமிச்சு வைக்க மாட்டாங்க, திறந்தும் பாக்க முடியாது. தபால்காரர் மாதிரின்னு சொல்லலாம். கிளவுட்காரர் தபால்காரர் இல்லை, அவர் உங்க கடிதத்தைத் தன் வீட்டு அலமாரியில வச்சுக்கிட்டு, கேக்கும்போது நகல் எடுத்துத் தர்றவர். அலமாரி சாவியும் அவர்கிட்ட.

அந்தச் சாவி விஷயத்துக்கு வர்றேன். சில பேருக்கு இது மிகைப்படுத்தலாத் தெரியும். நடந்ததை மட்டும் சொல்றேன்.

2021 பிப்ரவரி, சான் பிரான்சிஸ்கோ. ஒரு அப்பா. சின்னப் பையனுக்குப் பிறப்புறுப்புல வீக்கம். கொரோனா காலம், நேர்ல போக முடியாது. வீடியோ ஆலோசனைக்கு முன்னாடி படம் அனுப்புங்கன்னு நர்ஸ் கேட்டாங்க. எடுத்தாங்க, அனுப்பினாங்க, டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினார், பையனுக்குச் சரியாயிட்டுது. ஆனா அந்தப் படம் போன்ல இருந்து தானா கூகுள் கணக்குக்கு ஏறிட்டுது. ரெண்டு நாள்ல கணக்கு முடக்கம். குழந்தை பாலியல் வன்கொடுமைப் படம்னு இயந்திரம் முடிவு பண்ணிட்டுது. பல வருஷ மெயில், பையன் பொறந்ததுல இருந்து எடுத்த படங்கள், தொடர்பு எண்கள், கூகுள்ட்ட வாங்கின போன் நம்பர் உட்பட எல்லாம் போச்சு. போலீஸ் விசாரிச்சு குற்றமே இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. கூகுள் அசையலை. 2022 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ் இதை எழுதினப்பவும் கணக்கைத் திருப்பித் தர மாட்டோம்னுதான் சொன்னாங்க. டெக்சஸ்ல இன்னொரு அப்பாவுக்கும் இதே கதி.

குழந்தைகளைக் கொடுமைப்படுத்துற படங்களைத் தேடிப் பிடிக்கக்கூடாதுன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டான். பிடிக்கணும். நான் கேக்கறது வேற. டயப்பர் ராஷ், ஹைட்ரோசீல், இறங்காத விதை, முன்தோல் அழற்சி. தமிழ்நாட்டுல எத்தனை அம்மா தினமும் “டாக்டர், இதைப் பாருங்க”ன்னு வாட்ஸ்ஆப்ல படம் அனுப்பறாங்க? நாமளே “படம் எடுத்து அனுப்பும்மா, பாத்துட்டு சொல்றேன்”னு சொல்றோம். அந்த அம்மாவோட போன்ல ஆட்டோ பேக்கப் ஓடுதா, நம்ம போன்ல ஓடுதான்னு யார் பாக்கறோம்? சான் பிரான்சிஸ்கோக்காரருக்கு எழுத நியூயார்க் டைம்ஸ் வந்தது. தடிக்காரன்கோணத்துக்காரம்மாவுக்கு யார் வருவா?

தனி மனுஷன்தான் இப்படி மாட்டுவான், பெரிய ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சா அதுவும் தப்பு. 2025 ஜூலை, நயாரா எனர்ஜி. குஜராத் வாடினார்ல பெரிய சுத்திகரிப்பு ஆலை நடத்தற இந்தியக் கம்பெனி, ரஷ்யாவோட ராஸ்நெஃப்ட்டுக்கு அதுல பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டுது. இந்தியா போடலை, அமெரிக்காவும் இந்தக் கம்பெனி மேல போடலை. ஆனா மைக்ரோசாஃப்ட் அவங்க மெயில், டீம்ஸ் எல்லாத்தையும் நிறுத்திட்டுது. காசு கட்டின சேவை. தங்களோட சொந்தத் தரவைப் பாக்கவே முடியலைன்னு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. சில நாள்ல சேவை திரும்ப வந்தது. ஒரு எண்ணெய்க் கம்பெனி வக்கீலோட கோர்ட்டுக்குப் போய் வாங்கினதை நீங்களும் நானும் எந்த ஜன்னல்ல போய்க் கேப்போம்? அங்க பேசறதுக்கு ஆளே கிடையாது, ஒரு படிவம்தான்.

அடுத்து காசு. கூகுள் போட்டோஸ் ஆரம்பத்துல அளவே இல்லாம இலவசம்னாங்க. ஊரே ஏத்திச்சு. 2021 ஜூன் 1ல இருந்து அது கிடையாது, மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜிபி. வாட்ஸ்ஆப் பேக்கப் தனியா கணக்கில்லாம இருந்தது, 2024ல அதையும் அந்த 15க்குள்ள தள்ளிட்டாங்க. இப்ப “இடம் தீர்ந்துட்டுது, மெயில் வராது”ன்னு சிவப்பு எழுத்து. 100 ஜிபிக்கு மாசம் 130 ரூபாய்னு பட்டியல் விலை. சின்னத் தொகைதான், ஒத்துக்கறேன். ஆனா அது வாடகை. சாகற வரைக்கும் கட்டணும்.

செத்த பிறகும் ஒரு விஷயம் இருக்கு. ரெண்டு வருஷம் திறக்காத தனிநபர் கணக்குகளை அழிப்போம்னு கூகுள் 2023ல அறிவிச்சு, அந்த டிசம்பர்ல இருந்து செயல்படுத்துது. நம்ம மாவட்டத்துல வளைகுடாவுக்குப் போகாத வீடு குறைவு. அப்பா எடுத்த படமெல்லாம் அப்பாவோட கணக்குல. அப்பா போயிட்டார், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, சிம்மும் காலாவதி. ரெண்டு வருஷத்துல படங்களும் போயிடும். பெட்டியில இருந்த பழைய ஆல்பம் கரையான் அரிக்கற வரைக்குமாவது இருந்தது. (செயல்படாத கணக்கை யாருக்குக் கொடுக்கணும்னு முன்கூட்டியே எழுதி வைக்கற வசதி கூகுள்ல இருக்கு. இன்னைக்கே போய் நிரப்புங்க. உயில் எழுதாதவன் இதையாவது செய்யட்டும்.)

“பெரிய கம்பெனி பல இடத்துல நகல் வச்சிருக்கும், உன் லேப்டாப் கீழ விழுந்தா போச்சு” — இதுதான் எனக்கு வர்ற வலுவான எதிர்வாதம். இதுல உண்மை இருக்கு. பெரிய கம்பெனிகள் கோப்பைத் தொலைக்கிறது அபூர்வம்தான். 2023 நவம்பர்ல டிரைவோட கம்ப்யூட்டர் செயலியில பல பேருக்கு மாசக்கணக்கான கோப்பு காணாமப் போய், அப்புறம் மீட்கக் கருவி விட்டாங்க. அது விதிவிலக்கு. அங்க ஆபத்து கோப்பு தொலையறது இல்லை, கதவு மூடறது.

ஆனா “பெரிய இடம், அதனால பத்திரம்”னு கண்ணை மூடிட்டு நம்பினவங்க கதை தென்கொரியாவுல இருக்கு. 2025 செப்டம்பர் 26, டேஜியான் நகரத்துல அரசுத் தரவு மையத்துல லித்தியம் பேட்டரியில தீ. அரசு ஊழியர்கள் எல்லாரும் வேலைக் கோப்புகளை ஜி-டிரைவ்னு அரசோட சொந்தக் கிளவுட்லதான் வைக்கணும்னு வழிகாட்டுதல் இருந்தது. 858 டெராபைட். அளவு பெருசுங்கறதால வெளியில நகலே எடுக்கலை. எரிஞ்சது எரிஞ்சதுதான். தொழில்நுட்பத்துல நம்மைவிட எவ்வளவோ முன்னாடி இருக்கிற நாடு. ஒவ்வொரு அலுவலகத்துலயும் ஒரு பழைய கம்ப்யூட்டர் தன் பங்குக் கோப்பை சிங்க் பண்ணி வச்சிருந்தா, எரிஞ்சது ஒரு நகல் மட்டும்தான்.

நம்ம நாட்டுல, 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். ரான்சம்வேர். நடுவுல ஒரே சர்வர் கூட்டம், அது படுத்ததும் ரெண்டு வாரம் கிட்ட ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் பேனா பேப்பர்ல. நாட்டின் முதல் ஆஸ்பத்திரி. கார்பன் பேப்பர் வச்சு ரசீது எழுதிப் பழகின பழைய கிளார்க்குகள்தான் அன்னைக்கு ஹீரோவா இருந்திருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

இதையெல்லாம் புதுசா நாம கண்டுபிடிக்கணும்னு இல்லை. உ.வே.சா 1887ல சீவக சிந்தாமணியையும் 1894ல புறநானூற்றையும் அச்சுல கொண்டு வந்தது எப்படி? மடத்துல ஒரு ஏடு, ஏதோ ஒரு கவிராயர் வீட்டுப் பரண்ல ஒரு ஏடு, இன்னொரு ஊர்ல ஓட்டை விழுந்த ஒண்ணு. ஒண்ணுல இல்லாத வரி இன்னொண்ணுல இருந்தது. தமிழ் பிழைச்சது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் நகல் எடுத்ததால. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணம் நூலகம் எரிஞ்சப்ப சுமார் 97,000 நூல் போச்சு. அதுல அச்சான நூலுக்கு வேற எங்கயாவது இன்னொரு பிரதி இருக்கும். வேற எங்கயும் பிரதி இல்லாத ஏட்டுக்கு? 2005ல தொடங்கின நூலகம் திட்டம் இன்னைக்கு வரைக்கும் ஈழத்து நூல்களை ஸ்கேன் பண்ணிப் பொதுவுல போட்டுக்கிட்டே இருக்கிறதுக்குப் பின்னாடி இந்த வலி இருக்கு.

இப்ப என் கட்சியோட பலவீனத்தையும் நானே சொல்லிடறேன், இல்லைன்னா கமெண்ட்ல ஐடி தம்பிங்க வந்து சொல்வாங்க.

சிங்க் வேற, பேக்கப் வேற. இது எல்லாருக்கும் மண்டையில ஏறணும். போன்ல ஒரு படத்தை அழிச்சா லேப்டாப்லயும் அழியும், அதுதான் சிங்கோட வேலை. ரான்சம்வேர் ஒரு பக்கம் கோப்பைக் கெடுத்தா, கெட்ட கோப்பு விசுவாசமா அந்தப் பக்கமும் போகும். இதுக்கு சிங்க்திங்குள்ளயே பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கற வசதி இருக்கு. முதல் நாளே அதைப் போட்டு விடுங்க. அதுக்கு மேல, மாசம் ஒரு தடவை வெளி ஹார்ட் டிஸ்க்ல நகல் எடுத்து, கழட்டி அலமாரியில வைங்க. ஒயரோட தொங்கிட்டே இருக்கிற டிஸ்க் பேக்கப் கிடையாது.

ரெண்டு கருவியும் ஒரே நேரத்துல ஓடணும். போன் ராத்திரி, லேப்டாப் பகல்னு மாறி மாறி முழிச்சா சந்திப்பே நடக்காது. அதுக்கு எப்பவும் ஓடுற மூணாவது ஒண்ணு வேணும். புதுசா வாங்க வேண்டாம். 2011ல இருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் எத்தனை வீட்டுப் பரண்ல பேட்டரி செத்துக் கிடக்கு? சார்ஜர்ல நேரா சொருகி, லினக்ஸ் போட்டு, ஒரு மூலையில வச்சா இந்த வேலைக்கு அது தாராளம்.

ரெண்டு நகலும் ஒரே வீட்டுல இருந்தா பிரயோஜனம் இல்லை. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை பெய்ஞ்சது. தாமிரபரணிக் கரை ஊர்கள்ல கீழ்த்தளத்துல இருந்த கம்ப்யூட்டர், ஆல்பம், பத்திரம் எல்லாம் ஒண்ணா முங்கிட்டு. மூணாவது நகல் வேற ஊர்ல இருக்கணும். அக்கா வீடு நாகர்கோவில்ல, மச்சான் வீடு மதுரையில. அவங்க லேப்டாப்ல நம்ம கோப்பைப் பூட்டின நிலையிலயே வைக்கலாம், அவங்களால திறந்து பாக்க முடியாது, அந்த வசதி இருக்கு. மச்சானுக்கு இடம் கொடுக்க மனசு இருந்தா போதும்.

இன்னும் ஒண்ணு. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலியை 2024 டிசம்பரோட நிறுத்திட்டாங்க. பிளே ஸ்டோர்ல நிலைச்சு நிக்கற கஷ்டமும் பராமரிக்க ஆளில்லாததும் காரணம்னு எழுதினாங்க. சிங்க்திங் ஃபோர்க்னு ஒரு கிளை தொடருது. இதை மறைச்சுட்டு “இலவசம், இலவசம்”னு விளம்பரம் பண்ண நான் விரும்பலை. சில தனி மனுஷங்க சொந்த நேரத்துல நடத்தற விஷயம் இது, எந்த நாளும் ஒருத்தர் களைச்சுப் போகலாம். ஆனா வித்தியாசத்தைக் கவனிங்க. செயலி நின்ன அன்னைக்கு யாரோட கோப்பும் போகலை. அது அது இருந்த இடத்துல, சாதாரண ஃபோல்டர்ல சாதாரண கோப்பா அப்படியே இருந்தது. கிளவுட் கடை மூடினா பொருளோட மூடும்.

இனி எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம். சக டாக்டர்கள், சிஆர்ஆர்ஐ தம்பி தங்கச்சிங்க, செவிலியர்கள் எல்லாரும் கேளுங்க.

ராத்திரி டூட்டியில ஒரு கேஸ். எக்ஸ்ரே, புண், இசிஜி. சீனியர்கிட்ட ஒபினியன் கேக்க வாட்ஸ்ஆப் குரூப்ல படம். இதைத் தப்புன்னு நான் சொல்ல வரலை. இந்த குரூப்புகளால உயிர் பிழைச்சிருக்கு, சிறப்பு மருத்துவர் இல்லாத ஊர்ல வேற வழியும் இல்லை. ஆனா அந்தப் படம் குரூப்ல இருக்கிற நாப்பது பேரோட கேலரியில தானா இறங்குது. அதுல முப்பது பேர் போன்ல போட்டோஸ் பேக்கப் ஓடுது. ஒரே ராத்திரியில அந்தப் பொண்ணோட வயித்துப் படம் முப்பது தனிநபர் கணக்குல ஏறியாச்சு. அதுல சில கணக்கு குடும்பத்தோட பகிர்ந்தது. வீட்டு டிவியில ஸ்லைடு ஷோ ஓடுற வீடுகளும் உண்டு. பிள்ளையோட பிறந்தநாள் படத்துக்கு அடுத்து ஒரு திறந்த வயிறு. முகம் தெரிஞ்சா அந்த முகத்தைத் தனியாப் பிரிச்சு ஒரு அடுக்குல வச்சுக்கற வேலையையும் அந்தச் செயலி பண்ணும்.

அந்தப் பொண்ணு இதுல எதுக்குச் சம்மதிச்சா? வைத்தியம் பாக்கச் சம்மதிச்சா. படம் எடுக்க, பெரிய டாக்டர்கிட்ட காட்டக்கூட வாயாலச் சம்மதிச்சிருக்கலாம். முப்பது பேரோட கணக்குல பத்து வருஷம் இருக்கச் சம்மதிக்கலை. கூகுளோட நிபந்தனைப் பக்கத்துல “ஒப்புக்கொள்கிறேன்”னு அழுத்தினது நாம, அவ இல்லை.

2002ல வந்த மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை நாம எல்லாரும் பரீட்சைக்குப் படிச்சதுதான். நோயாளி ரகசியம் காக்கணும். உள்நோயாளி பதிவேட்டை மூணு வருஷம் வச்சிருக்கணும். கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துட்டுது. நோயாளி நாளைக்கு வந்து “என் படம் எங்க இருக்கு, அழிச்சுட்டீங்களா”ன்னு கேட்டா என்ன பதில்? “முப்பது கணக்குல இருக்கும்மா, அதுல பத்துப் பேர் பிஜி படிக்க வேற மாநிலம் போயிட்டாங்க”ன்னு சொல்வோமா?

ஒரு சீனியர் சொன்னார், “ஏழைங்க யாரும் இதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா.” பால் வெட்டுற அம்மா கேக்க மாட்டாங்கதான். கேக்கத் தெரியாதவங்க விஷயத்துலதான் நாம கூடுதலா பயப்படணும். தனியார் ஆஸ்பத்திரியில விஐபி நோயாளி படத்தை இப்படி ஏத்துவோமா? மாட்டோம். கை நடுங்கும்.

செய்யக் கூடியது இது. வார்டுக்குன்னு ஒரு போன், அதுல யாரோட சொந்தக் கணக்கும் வேண்டாம். படம் அதுலதான் எடுக்கணும். வார்டு கம்ப்யூட்டரும் அந்தப் போனும் ஒரே வைஃபையில சிங்க். வெளியில ஒரு பைட் போகாது. கம்ப்யூட்டருக்கு வந்ததும் படத்தை சிங்க் ஃபோல்டர்ல இருந்து நோயாளியோட ஃபோல்டருக்கு நகர்த்திடுங்க. நகர்த்தின உடனே போன்ல இருந்து அது தானா அழியும். முன்னாடி பலவீனம்னு சொன்ன அதே குணம் இங்க வேலைக்கு ஆகுது: போன் தொலைஞ்சாலும் அதுல படம் இருக்காது. அந்தக் கம்ப்யூட்டருக்கு டிஸ்க் முழுக்கப் பூட்டு, பாஸ்வேர்டு, ராத்திரி அறைக்குப் பூட்டு. கண்காணிப்பாளர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க, நீங்களா ஆரம்பிக்காதீங்க. அரசோட பதிவு முறைகளுக்கு இது மாற்றும் இல்லை. அதுல ஏத்த வேண்டியதை அதுல ஏத்தித்தான் ஆகணும். அது படுத்துக் கிடக்கிற நேரத்துலயும், அதுல இடமே இல்லாத படங்களுக்கும்தான் இது.

துறைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கம்ப்யூட்டர் கொடுத்தாச்சு, நெட் பில் கட்டறீங்க. கூடவே “சொந்த கிளவுட் கணக்கில் நோயாளி படம் கூடாது, மாற்று இது”ன்னு ஒரு பக்கச் சுற்றறிக்கை போட என்ன செலவு? மாற்று சொல்லாம தடை மட்டும் போட்டா எவனும் கேக்க மாட்டான், ராத்திரி ரெண்டு மணிக்கு நோயாளிதான் முக்கியம்.

அது வர்ற வரைக்கும், இன்னைக்கு ராத்திரியே பண்ணக் கூடியது:

வாட்ஸ்ஆப் செட்டிங்ஸ், சாட்ஸ், அதுல மீடியா விசிபிலிட்டியை அணைங்க. குரூப் படம் கேலரிக்கு வர்றது நிக்கும். அடுத்து கூகுள் போட்டோஸ், மேல உங்க படத்தைத் தொட்டு செட்டிங்ஸ், பேக்கப், பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ். அங்க வாட்ஸ்ஆப் இமேஜஸ் நீலமா இருந்தா அணைங்க. கேமரா ஃபோல்டரை மட்டும் தனியா அணைக்க முடியாது, அதனால டூட்டியில படம் எடுக்கற போன்னா பேக்கப்பையே மொத்தமா நிறுத்துங்க.

ஏற்கனவே ஏறினது தானா இறங்காது. உள்ள போய் தேடினா “எக்ஸ்ரே”ன்னு அடிச்சாலே கொண்டு வந்து கொட்டும், அவ்வளவு நல்லா அடையாளம் கண்டு வச்சிருக்கும். தேவையானதை முதல்ல ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கிட்டு மீதியை அழிங்க. அழிச்சதும் குப்பைத்தொட்டியில 60 நாள் கிடக்கும், அங்கயும் போய்க் காலி பண்ணணும்.

ஐபோன்காரங்களுக்கு: சிங்க்திங் ஆட்கள் விடற செயலி ஐபோன்ல இல்லை. மோபியஸ் சிங்க்னு வேற ஒருத்தர் செஞ்சது இருக்கு, ஆனா பின்னணியில தொடர்ந்து ஓட ஆப்பிள் விடாது, திறந்து வச்சாத்தான் நம்பி ஓடும். வார்டு போனுக்கு ஒரு பழைய ஆண்ட்ராய்டே போதும்.